குற்றமும் ஈடும்

தோட்டத்தில் ஒருவருக்கு அடிபட்டால் இரண்டு வினாக்கள் எழும். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று லயத்தார் கேட்பர். "யார்மேல் தவறு?" என்று ஆபீசில் கேட்பர். முதல் வினா அன்பின்பாற்பட்டது. விடை கிடைத்ததும் அடங்கிவிடும். இரண்டாம் வினாவோ காயம் ஆறிய பின்னும் ஆறுவதில்லை. அதன் விடையைப் பொறுத்தே குடும்பத்தின் அடுத்த மாத அரிசி அமைகிறது. தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் இந்த இரண்டாம் வினாவைத் தள்ளிவைப்பதற்காகவே பிறந்தது. பிறந்த நோக்கத்தை அது முற்றும் நிறைவேற்றியதா என்பது ஆராயத்தக்கது.

நெகிரி செம்பிலானில் சிரம்பானைச் சார்ந்த லோபாக் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகர்ப்பகுதி. ஆயினும் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி முதலிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்ட வாழ்வை நினைவில் கொண்ட முதியோர் அப்பக்கங்களில் இன்னும் உள்ளனர். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, விடியுமுன் விளக்குடன் நிரைக்குப் போவது அவ்வாழ்வு. சரிவில் ஈரம் வழுக்கும். புதரில் பாம்பு கிடக்கும். உளி கையைப் பதம் பார்க்கும். நிறைந்த காண்டா வாளி தோளை அழுத்தும். பாலை உறையவைக்கும் அமிலம் கண்ணில் தெறிக்கும். பாலைத் தகடாக்கும் உருளை விரலைப் பற்றும். செம்பனை வந்த பின்னர் தலைக்கு மேலிருந்து விழும் மட்டையும் குலையும், நீண்ட அரிவாள் கம்பம் மின்கம்பியைத் தொடும் இடரும் சேர்ந்தன.

இவற்றுள் எந்த விபத்தை எடுத்துக்கொண்டாலும், "சற்றுக் கவனமாக இருந்திருந்தால் இது நேர்ந்திராது" என்று சொல்லிவிடலாம். அங்ஙனம் சொல்ல இயலாத விபத்து அரிது. எனவே, தவறு செய்தவனுக்கு ஈடு இல்லை என்று ஒரு சட்டம் சொல்லுமாயின், ஈடு எவருக்குமே இல்லை என்று சொல்வதற்கு அது ஏறக்குறைய ஒப்பாகும்.

பழைய வழி

முன்னாளில் ஆங்கிலச் சட்டம் அவ்வாறே இருந்தது. 1837-ஆம் ஆண்டில் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்கு எடுத்துக்காட்டாகும். ஃபௌலர் என்ற இறைச்சிக் கடைக்காரரிடம் பிரீஸ்ட்லி என்பவன் பணியாளனாக இருந்தான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து அவன் தொடையெலும்பு ஒடிந்தது. வண்டியில் மிகையாகப் பாரம் ஏற்றியவன் மற்றொரு பணியாள். முதலாளி பொறுப்பாகார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இவ்வழக்கையும் இதன் வழிவந்தவற்றையும் கொண்டு முதலாளிமார்க்கு மூன்று அரண்கள் அமைந்தன. உடன் வேலை செய்பவனால் நேர்ந்த தீங்குக்கு முதலாளி பொறுப்பில்லை என்பது ஒன்று. இடரை அறிந்தே வேலைக்கு வந்தவன் அதனை ஏற்றுக்கொண்டவனாவான் என்பது மற்றொன்று. அடிபட்டவனிடம் சிறிதளவு கவனக்குறைவு இருந்தாலும் அவன் வழக்கு வீழும் என்பது மூன்றாவது.

இம்மூன்றையும் ஒரு தோட்டத்தில் பொருத்திப் பார்த்தால் அவற்றின் வலிமை விளங்கும். மண்டோரின் தவறால் விபத்து நேர்ந்ததா? மண்டோரும் சம்பளம் வாங்கும் உடன் பணியாளரே. சரிவு வழுக்கியதா? அது வழுக்கும் என்று தெரிந்துதானே நிரையை ஏற்றாய்? இருட்டில் கால் வைத்தாயா? பார்த்து வைத்திருக்க வேண்டும். இங்ஙனம் எப்பக்கம் திரும்பினும் மதில்தான்.

ஜெர்மனி 1884-ஆம் ஆண்டிலேயே விபத்துக் காப்புறுதிச் சட்டம் இயற்றி வேறு வழி காட்டிற்று. பிரிட்டன் 1897-ஆம் ஆண்டில் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மலாயாக் கூட்டரசில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் அதே மரபில் எழுந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தா என்பதே இச்சட்டங்களின் அடிப்படை வினா. அதற்கு 'ஆம்' என்பது விடையாயின் ஈடு உண்டு. முதலாளியின் தவற்றைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இதனை ஓர் உடன்பாடு என்றே கருதலாம். தொழிலாளி தன் இழப்பு முழுவதையும் கேட்பதில்லை. சட்டம் வகுத்த அளவே பெறுகிறான். முதலாளி தன்மேல் தவறில்லை என்று வாதாடுவதில்லை. வகுத்த அளவைக் கொடுத்துவிடுகிறார். இருபாலும் சிறிது விட்டுக்கொடுத்தே இந்த ஏற்பாடு நிலைபெற்றது.

மீண்டும் வந்த வினா

ஆயினும், வெளியே நிறுத்திய வினா வேறு பெயர் பூண்டு உள்ளே வந்தது. 1897-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தில், தொழிலாளி வேண்டுமென்றே செய்த கடுமையான ஒழுக்கக்கேட்டால் காயம் நேர்ந்திருப்பின் ஈடு இல்லை என்றொரு விலக்கு இடம்பெற்றது. 1923-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அதனை மூன்றாகப் பிரித்தது. மது அல்லது போதைப் பொருளின் மயக்கத்தில் இருந்தமை முதலாவது. பாதுகாப்பின்பொருட்டு வெளிப்படையாக இட்ட கட்டளையையோ வகுத்த விதியையோ வேண்டுமென்றே மீறியமை இரண்டாவது. பாதுகாப்புக் கருவி என்று அறிந்தும் அதனை வேண்டுமென்றே அகற்றியமை அல்லது புறக்கணித்தமை மூன்றாவது. விபத்து இவற்றின் நேரடி விளைவாக இருத்தல் வேண்டும். தொழிலாளி இறந்துவிட்டால் இவ்விலக்குகள் செல்லா என்பது பின்னர் 1933-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது.

இவ்விலக்குகளின் சொற்கள் ஒவ்வொன்றும் எடையிட்டு அமைக்கப்பட்டவை. 'கட்டளை' என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. 'வெளிப்படையாக இட்ட கட்டளை' என்கிறது. 'மீறியமை' என்று மட்டும் சொல்லவில்லை. 'வேண்டுமென்றே மீறியமை' என்கிறது. குடித்திருந்தான் என்று காட்டினாலும் போதாது. குடியினாலேயே அடிபட்டான் என்று காட்டுதல் வேண்டும். மாலையில் குடித்த ஒருவன்மீது மறுநாள் காலை பக்கத்து மரம் சாய்ந்தால், அவன் குடிக்கும் விபத்துக்கும் தொடர்பு யாது? சட்டத்தின் சொற்களில் இத்துணைக் காவல் உண்டு. ஆபீசில் எழுதும் அறிக்கையிலோ அடைமொழிகள் உதிர்ந்து, 'விதியை மீறினான்' என்ற இரண்டு சொற்களே எஞ்சுகின்றன. குறை பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

தமிழ்ச் சொற்களின் சான்று

இவ்விடத்தில் தமிழ் வழக்கு பெரிதும் துணை செய்கிறது. பிழை, தவறு, குற்றம் என்னும் மூன்றையும் பலர் ஒரு பொருட் சொற்களாகவே ஆள்கின்றனர். நுணுகி நோக்கினால் வேறுபாடு தோன்றும். கணக்கில் நேர்வது பிழை, அறியாமையால் வரலாம். 'தவறு' என்பது தவறுதல் என்னும் வினையினின்று பிறந்தது. குறியும் தவறும், காலும் தவறும். 'குற்றம்' என்னும் சொல்லிலோ பழியின் நிழல் உண்டு. அது தண்டனையை நோக்கி நிற்பது.

தோட்டத்தில் அடிபட்டவன் தன் விபத்தைச் சொல்லும் முறையை உற்றுக் கேட்க வேண்டும். "கை தவறிவிட்டது," "கால் தவறி விழுந்துவிட்டேன்" என்றே அவன் சொல்கிறான். தவறியது கையும் காலுமே அன்றி அவனுடைய எண்ணம் அன்று என்பதை மொழியே காட்டிவிடுகிறது. இதற்கு எதிர்முனையில் 'வேண்டுமென்றே' என்னும் சொல் நிற்கிறது. வேண்டுதல், அஃதாவது விரும்புதல், அதன் உயிர். தவறியதற்கும் வேண்டுமென்று செய்ததற்கும் இடையே சட்டம் வகுக்க முயலும் எல்லையைத் தமிழ்ப் பேச்சு முன்பே வகுத்து வைத்திருக்கிறது. 'கை தவறியது' என்று தொழிலாளி சொன்னதை 'கவனக்குறைவு' என்று கிராணி எழுத, 'ஒழுக்கக்கேடு' என்று மேலிடம் படிக்குமாயின், தவறு படிப்படியாகக் குற்றமாக உயர்ந்துவிடுகிறது.

இவ்வெல்லையை நீதிமன்றங்கள் உணர்ந்தமைக்குச் சான்றுகள் உள்ளன. பாரம் கொண்டு செல்லும்போதன்றி மின்தூக்கியில் ஏறக்கூடாது என்று விதி இருந்தும், ஏறிய ஒரு தொழிலாளி அதனால் உயிரிழந்தான். 1906-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இவ்வழக்கை ஆராய்ந்தது. விதியை மீறினான் என்பது மெய்யே. ஆயினும் எண்ணிப் பார்த்துத் துணிந்து செய்ததே 'வேண்டுமென்று' செய்ததாகும், கண நேர நினைவின்மை அங்ஙனம் ஆகாது என்று விளக்கி, ஈடு உண்டு என்று முடிவு செய்தது.

இந்தியாவிலும் ஒரு வழக்கு உண்டு. பெட்ரோல் ஏற்றும் லாரி ஒன்றின் தொட்டி ஒழுகிற்று. ஒழுக்கு எங்கே என்று பார்க்க உள்ளே இறங்கிய ஓட்டுநர் தீக்குச்சியைக் கிழித்தார், தீப்பற்றி இறந்தார். இதைவிடப் பெரிய கவனக்குறைவு ஒன்றைக் கற்பனை செய்தல் அரிது. எனினும் 1970-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான ராஜஸ்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பு, அவர் குடும்பத்துக்கு ஈடு உண்டு என்றது. தீக்குச்சி கிழித்தது அறியாமையாயினும், அவர் தொட்டிக்குள் இறங்கியது முதலாளியின் வேலைக்காகவே.

கள்ளும் கட்டளையும்

விலக்குகளுள் மக்கள் மனத்தில் எளிதில் இடம்பெறுவது குடியைப் பற்றியதே. குடித்துவிட்டு விழுந்தவனுக்கு ஏன் பணம் என்று நல்லவர்களும் கேட்பர். தோட்ட வரலாற்றை அறிந்தோர் இவ்வினாவைச் சற்று நிறுத்தியே கேட்பர். மலாயாவின் பல தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தது. நிர்வாகத்தின் மேற்பார்வையில் நடந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அப்போராட்டத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1947-ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். கடையை வைத்தவர் பக்கம் ஒரு தவறு உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கடையைத் திறந்து வைத்தவரே, குடித்தான் என்று காரணம் காட்டி ஈட்டை மறுப்பது முறையாகாது.

விதியை மீறியமையும் இத்தகையதே. விதி பலகையில் தொங்கும். வேலை பழக்கத்தில் நடக்கும். துப்புரவு செய்யுமுன் உருளையை நிறுத்து என்பது விதி. நிறுத்தினால் நேரம் போகும். நேரம் போனால் அன்றைய பால் தேங்கும். நிறுத்தாமல் துடைப்பதை மேலாள் நாள்தோறும் பார்த்தும் பேசாதிருப்பார். விரல் போன அன்றுதான் விதி நினைவுக்கு வரும். எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி கொடுக்கும் இடத்தில் விரைவு என்பது தொழிலாளியின் ஆசை மட்டும் அன்று. கூலி முறையே இடும் எழுதாக் கட்டளை. எழுதிய கட்டளையும் எழுதாக் கட்டளையும் முரணும்போது, எழுதாததற்குப் பணிந்தவனைத் துணிந்து மீறியவன் என்று சொல்லுதல் பொருந்துமா? அவன் படிக்க இயலாத மொழியில் அப்பலகை இருக்குமாயின் 'வெளிப்படையாக' என்ற சொல்லுக்கும் அங்கே இடமில்லை.

மறுப்பும் விடையும்

தவற்றைப் பாராமல் ஈடு கொடுத்தால் தொழிலாளர் அசட்டையாக இருப்பர் என்பது எதிர்த்தரப்பின் வலிய வாதம். இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. ஒழுங்கின்றித் தொழில் நடவாது. ஒருவனுடைய அசட்டை பக்கத்தில் இருப்பவனின் உயிரையும் வாங்கும். ஆயினும் இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. அசட்டையின் முதற் கூலியைத் தொழிலாளி தன் உடம்பால் முன்பே கொடுத்துவிட்டான். கிடைக்கும் ஈடும் முழுமையானது அன்று. இந்தியச் சட்டத்தில் தற்காலிக முடக்கத்துக்குக் கிடைப்பது கூலியில் ஏறக்குறையப் பாதி. பாதிக் கூலிக்காகக் கையை உருளையில் கொடுப்பார் உலகில் இல்லை. விதியை மீறியவனை எச்சரிக்கவும் வேலையினின்று நீக்கவும் வேறு வழிகள் உள்ளன. அவற்றால் வரும் தண்டனை மீறியவனைச் சாரும். ஈட்டை மறுப்பதால் வரும் தண்டனையோ உலையை நோக்கியிருக்கும் மனைவி மக்களைச் சாருகிறது; அவர்கள் எந்த விதியையும் மீறியவர் அல்லர்.

சட்டமும் இதனை உள்ளூர அறியும். இறப்பு நேர்ந்தால் விலக்குகள் செல்லா என்று அது சொல்வதன் பொருள் வேறென்ன? பிரிட்டனில் 1906-ஆம் ஆண்டுச் சட்டம், இறப்பையும் கடுமையான நிலையான ஊனத்தையும் விலக்கின் பிடியிலிருந்து விடுவித்தது. இந்தியா 1933-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இறப்பை மட்டும் விடுவித்தது; நிலையான முழு ஊனத்தை விடுவிக்க 1995-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. இன்னும் ஒரு குறை அங்கே நிற்கிறது. இரண்டு விரல்களை இழந்தவன் சட்டத்தின் கணக்கில் 'பகுதி ஊனன்'. ஆகவே அவன்மீது விலக்குகள் பாயும். உளி பிடிக்கும் கையில் அவ்விரு விரல்களே தொழில் என்பதைச் சட்டத்தின் கணக்கு அறியவில்லை.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் முறை செய்த வரலாற்றை மாணவரும் அறிவர். கன்று தானே தேர்க்காலில் புகுந்தது. இளவரசன் அதனைக் காணவில்லை. கன்றின்மேல் தவறு என்று சொல்ல அங்கே இடம் இருந்தது. அரசன் அதைப் பேசவில்லை. தாய்ப்பசு இழந்தது யாது என்பதையே எண்ணினான். மகனைத் தேர்க்காலில் இட்டது இக்காலத்துக்குப் பொருந்தாது. ஆயினும் இழந்தவரின் பக்கம் நின்று தொடங்கும் அந்த நோக்கே ஈட்டுச் சட்டத்தின் நோக்கு. இதற்கு மாறாகப் பாண்டியன் ஒரு பக்கத்தார் சொல்லை மட்டும் கேட்டு முடிவு செய்தான். அதன் விளைவு மதுரை அறிந்தது. தொழிலாளி ஒழுக்கம் கெட்டவன் என்று சொல்பவர் முதலாளியாதலின் அதை மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையதே.

வள்ளுவர் குற்றங்கடிதலையும் பொச்சாவாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். குற்றம் வேறு, மறதி வேறு என்பது இதனால் போதரும். அவ்விரண்டையும் அரசியலில் வைத்தமை மேலும் கருதத்தக்கது. விழிப்பாய் இருக்கும் கடமை முதற்கண் ஆளும் இடத்தில் உள்ளவர்க்கே உரியது என்னும் குறிப்பு அதில் உண்டு.

வினாவை மாற்றிய விதி

மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் வழக்கில் 'சொக்சோ', இத்துறையில் நல்லதொரு படி ஏறிற்று. சட்டத்தையோ முதலாளியின் கட்டளையையோ மீறிய நிலையில் விபத்து நேரினும், அம்மீறல் இல்லாதிருந்தால் அது வேலை விபத்தாகக் கொள்ளத்தக்கது என்றால், அச்செயல் முதலாளியின் தொழிலுக்காகவே செய்யப்பட்டதென்றால், அது வேலை விபத்தே என்று அச்சட்டம் கொள்கிறது. இந்திய ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 1966-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த விதியும் இதுவே. 'யார்மேல் தவறு?' என்னும் வினா இங்கே 'யார் வேலைக்காக?' என்று மாறுகிறது. முன்னது மனிதனின் குணத்தை எடைபோடுவது. பின்னது செயலின் பயனை நோக்குவது. குணத்தை எடைபோட நீதிமன்றத்துக்கும் தராசு இல்லை. பயனை அறியக் கிராணியின் கணக்கேடே போதும்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. சொக்சோ காப்பின்கீழ் வந்த தொழிலாளி அவ்விபத்துக்காகத் தன் முதலாளிமேல் தனி வழக்குத் தொடுக்க இயலாது. தொழிலாளியின் தவறு மறக்கப்பட்டது போலவே முதலாளியின் தவறும் மறக்கப்படுகிறது. இது பழைய உடன்பாட்டின் தொடர்ச்சியே. இங்ஙனம் முதலாளிக்குக் கிடைத்த காப்பு பெரிதாதலின், தொழிலாளிக்குக் கிடைக்கும் ஈட்டைச் சிறு காரணங்களால் குறைத்தல் நேர்மையாகாது.

இன்றைய தோட்டங்களில் பிற நாட்டுத் தொழிலாளர் பலர். 1993-ஆம் ஆண்டில் அவர்கள் சொக்சோவினின்று பிரிக்கப்பட்டு 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விடப்பட்டனர். 2019 ஜனவரி முதல் நாள் தொடங்கி மீண்டும் சொக்சோவுக்குள் வந்தனர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே நிரையில் வேலை செய்த இருவரின் காயங்களுக்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன. அன்று கடல் கடந்து வந்த தமிழன் நின்ற இடத்தில் இன்று வேறொருவன் நிற்கிறான். பலகையிலுள்ள மொழி அன்றும் ஒருவனுக்கு விளங்கவில்லை; இன்றும் ஒருவனுக்கு விளங்காமல் இருக்கலாம்.

தண்டனைக்குக் குற்றம் வேண்டும்; ஈட்டுக்கு இழப்பே போதும். இவ்விரண்டையும் குழப்பாத சட்டமே தொழிலாளர்க்குரிய சட்டமாகும். சட்டத்தின் சொற்களில் இத்தெளிவு பெரும்பாலும் வந்துவிட்டது. அறிக்கை எழுதுவோர் பேனாவில் அது இன்னும் வரவேண்டும். பிழை, தவறு, குற்றம் ஆகிய மூன்று சொற்களின் வேறுபாட்டை வகுப்பறையில் செவ்வனே கற்பிக்கும் ஆசிரியர், நாளை ஆபீஸ் மேசைமுன் அமரவிருக்கும் மாணவனுக்கு இலக்கணத்தோடு நீதியையும் கற்பித்தவராவார்.